பட்டாளத்தின் அரிசிக் கணக்கும் சகலாத்துக் கணக்கும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வடசென்னையில் வயதானவர்களிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை மலைக் கணவாய்களைத் தாண்டி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. வயல்கள் எரிந்தன. இருந்த அரிசி கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படைக்கும் ஊருக்கும் சேர்த்துப் போதவில்லை. பஞ்சம் பிழைக்கப் பட்டணத்துக்கு ஓடி வந்தவர்களுக்கு 1782-ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னாளில் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

இரண்டாம் மைசூர்ப் போர் எனப்படும் அந்தப் போரில் யார் எங்கே ஜெயித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். படைக்கு அரிசி எங்கிருந்து வந்தது, எத்தனை மாடு சுமந்தது, சிப்பாயின் கோட்டுக்குத் துணி யார் கொடுத்தது, அந்தக் காசை யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதைப் படிக்கவில்லை. இவற்றுக்கான பதில்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் ராணுவ ஆலோசனைக் குறிப்பேடுகளில் கையெழுத்தாகக் கிடக்கின்றன. 1752 முதல் 1756 வரையிலான ஏடுகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சாகிவிட்டன. எங்களுக்கு வேண்டியது அதற்குப் பிந்திய காலம், குறிப்பாக 1780 முதல் 1784 வரை. அதிலிருந்து 1,200 பக்கங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவற்றைப் படித்து, எழுத்துப் பெயர்த்து, தமிழ்ச் சுருக்கத்தோடும் சொல்லகராதியோடும் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வெறும் அரிசிக் கணக்குக்கு இத்தனை பாடா என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, கும்பினித் தளபதி ஹெக்டர் மன்ரோ பெரும்படையோடு சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். அவர் அங்கிருந்து நகரத் தயங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் அங்கே சேர்த்து வைத்திருந்த தானியம். கடைசியில் கனரக பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். அடுத்த வருஷம் அவருக்குப் பதில் தளபதியாக ஐர் கூட் வந்தார். அவருக்கும் அதே வயிற்றுப்பாடு. 1781 ஜூனில் ஹைதர் ஆட்கள் வசமிருந்த சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கித் தோற்றதற்குப் பின்னாலும் உள்ளே இருந்த நெல்லின் மேல் ஒரு கண் இருந்தது. அப்புறம் கப்பலில் வரும் அரிசியை நம்பிப் பரங்கிப்பேட்டைக் கரையோரம் ஒதுங்கினார். ஜூலை 1 அன்று அங்கே அவர் ஜெயித்தது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஜெயித்த பிறகும், இழுக்க மாடில்லாமல் கடற்கரையை விட்டு அதிகம் நகர முடியாமல் தவித்தது அதில் இல்லை.

மாடு என்றதும் எங்கள் குழுவில் ஒரு அன்பர் உற்சாகமாகிவிடுவார். மைசூர் அரண்மனையின் மாட்டுத் துறைக்கு முதலில் 'வெண்ணெய்ச் சாவடி' என்று பொருள்படும் கன்னடப் பெயர்தான் இருந்தது. வெண்ணெய்க்காக வளர்த்த மந்தையைப் பீரங்கி இழுக்கப் பழக்கினார்கள். திப்பு அதற்கு அமிர்த மகால் என்று பெயர் மாற்றினார். எதிர்ப்பக்கம் அந்த வசதி இல்லை. அடுத்த மைசூர்ப் போரில், 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போன கும்பினி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்ததால், கோட்டை இடிக்கும் பீரங்கிகளைத் தன் கையாலேயே நாசமாக்கிவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அடுத்த தடவை அவர் ஜெயித்ததில் பொதிமாட்டில் தானியம் கொண்டுவந்த லம்பாடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

உடை விஷயம் இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்துச் சென்னைச் சிப்பாயின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு மேலே இங்கிலாந்து, கீழே நம்மூர். மேலே சிவப்புச் சகலாத்துக் (கம்பளித் துணி) கோட்டு, கீழே தொடையோடு நின்றுபோகும் வெள்ளைப் பருத்தி டவுசர், மூடாத கால், செருப்பு. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தவர்களை நினைத்தாலே நமக்கு வியர்க்கிறது. நம் வெயிலில் கம்பளித் துணியை யார் வாங்குவார்கள்? கும்பினி கப்பல் கப்பலாகக் கொண்டுவந்த சகலாத்து இங்கே எளிதில் விலை போகவில்லை. பட்டாளம் அதற்கு நிரந்தர வாடிக்கையாகிவிட்டது. உடுப்புச் செலவைச் சிப்பாயின் சம்பளத்திலேயே பிடித்தார்கள். பிடித்த பணத்துக்கும் தைத்த துணிக்கும் இடையில் மிஞ்சியது மேலதிகாரிகளின் பைக்குப் போகும் ஏற்பாடு ஒன்று அப்போது ராணுவ வழக்கமாகவே இருந்தது. இது ஊழலா, முறையான வரும்படியா என்று எங்கள் குழுவுக்குள் இரண்டு கட்சி. ஏடுகளை முழுக்கப் படித்தால்தான் தீரும்.

சரி, உடுப்பில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கு 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் பதில் கிடைத்தது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் அங்கே நடந்த சிப்பாய்கள் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களில் சேர்ந்தவை. அது எங்கள் கால எல்லைக்கு வெளியே. ஆனால் அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்து உடுப்புக் கணக்கைப் பார்க்காமல் அந்தத் தலைப்பாகையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எங்கள் கட்சி.

இந்த ஏடுகளின் நகல்களைக் கும்பினி லண்டனுக்கும் அனுப்பியது. அங்கே உள்ள ஆய்வாளர்கள் படிக்கத்தானே செய்கிறார்கள், நமக்கென்ன வேலை? இதுதான் வேலை: ஏடு ஆங்கிலம், உள்ளே பாதிச் சரக்கு தமிழ். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'கானிகோப்ளி' என்பது நம் கணக்கப்பிள்ளை. 'திரிப்பசூர்' என்பது திருப்பாச்சூர். 'சத்ராஸ்' என்பது சதுரங்கப்பட்டினம். இதைப் பிடிக்கத் தமிழ்க் காது வேண்டும். எங்களுக்கே முதல் மூன்று மாதம் தலைகுனிவுதான். 'கார்ஸ்' என்று வந்த இடமெல்லாம் 'கிராஸ்' என்று படித்து, புல்லுக்கட்டுக் கணக்கு என்று நினைத்து, ஒரு முழு நோட்டை நிரப்பிவிட்டோம். அது கரிசை. 400 மரக்கால் கொண்ட நெல் அளவு. நெல்வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "இது கரிசைடா" என்று சொல்லும் வரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தக் காலத்துப் பொன் நாணயமான ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்ற கணக்கில் கூட்டிக் கழிப்பதும் பழக வேண்டியிருக்கிறது.

இனி பணம். பக்கம் ஒன்றைப் படித்தெழுத 300 ரூபாய், இன்னொருவர் சரிபார்க்க 100 ரூபாய். ஆக 1,200 பக்கத்துக்கு 4,80,000. பாரசீகக் கடிதங்களையும் தஞ்சை மராத்தியரின் மோடி (மராத்தியைக் கூட்டெழுத்தாக எழுதும் முறை) ஆவணங்களில் தேவையான சிலவற்றையும் படித்துத் தருபவர்களுக்கு மதிப்பூதியம் 60,000. இணையத்தில் வைக்கவும் பாதுகாக்கவும் 40,000. சொல்லகராதியை அச்சடிக்க 90,000. மொத்தம் 6,70,000 ரூபாய். குழுவில் உள்ள 11 பேரும் நண்பர்களும் இதுவரை 1,45,000 போட்டிருக்கிறோம். மீதி 5,25,000 உங்களிடம் கேட்கிறோம். குழுவினர் யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. படித்தெழுதுபவர்கள் பெரும்பாலும் வரலாறு படிக்கும் மாணவர்கள். அவர்களிடம் சும்மா வேலை வாங்க எங்களுக்கு மனமில்லை. 

400 ரூபாய் கொடுத்தால் ஒரு பக்கம் உங்கள் கணக்கு. விரும்பினால் அந்தப் பக்கத்தின் அடியில் உங்கள் பெயரோ நீங்கள் சொல்லும் பெரியவர் பெயரோ இருக்கும். ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம்: நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் வரும். போதிய பணம் சேராவிட்டால் சேர்ந்த அளவுக்குப் பக்கங்களை முடிப்போம்.

ஒரு வேண்டுகோள், நிபந்தனை வைக்காதீர்கள். எங்கள் முன்னோர் பெயர் ஏட்டில் நல்லவிதமாக வரும்படி பார்த்துக்கொண்டால் பெருந்தொகை தருகிறோம் என்று ஒருவர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். ஏட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும், துபாஷிகள் (வெள்ளைக்காரர்களின் மொழிபெயர்ப்பாளர், தரகர்) அடித்த கொள்ளை உட்பட.

பணம் தர இயலாதவர்கள் இரண்டு விதத்தில் உதவலாம். மோடி எழுத்தோ பாரசீகமோ பழைய ஆங்கிலக் கையெழுத்தோ படிக்கத் தெரிந்தால் சொல்லுங்கள். வீட்டில் பழைய கணக்கோலை, துணி வியாபாரக் கடிதம், முத்திரை குத்திய மரக்கால் என்று ஏதாவது பரணில் இருந்தால் தூக்கிப் போடாமல் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். சிந்தாதிரிப்பேட்டை, காஞ்சிபுரம் நெசவுக் குடும்பங்களை இதில் தனியாகவே அழைக்கிறோம். பொருளை நாங்கள் கேட்க மாட்டோம், படம் போதும்.

வங்கிக் கணக்கு விவரமும் ரசீதுப் படிவமும் இத்துடன் இணைத்திருக்கிறோம். முதல் 100 பக்கங்களை, காஞ்சிபுரத்து அரிசியில் தொடங்கி, வரும் பொங்கலுக்குள் வெளியிடுவதாக இருக்கிறோம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில்,
செயலர், பொருளாளர்