குளக்கரை சைக்கிள் பாதையில் எங்கள் பிள்ளைகளை விடுங்கள்

கோயமுத்தூர் குளக்கரைகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குளக்கரையின் கேட்டிலேயே என்னையும் என் எட்டு வயது மகளையும் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் சைக்கிளில் வந்தாள் என்பதுதான் காரணம். எந்தக் குளம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் காவலாளியைத்தான் கூப்பிட்டுக் கேட்பீர்கள், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "சைக்கிள உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, நான் என்னங்க பண்றது" என்று அவரே தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஒரு கல்லூரிப் பையனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அப்புறம் பேரனோடு வந்த ஒரு பெரியவர். அவர் சைக்கிளைப் பூட்டி மரத்தடியில் சாத்திவிட்டு, அழுத பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்தோம். வேறு வழியில்லை. கரையை ஒட்டியே போகும் ரோடுதான், ஆனால் அதில் அந்த நேரத்துக்கே டவுன் பஸ்ஸும் மணல் லாரியும் ஓட ஆரம்பித்துவிடும். நான் வெளிப்பக்கமாக ஓடினேன், மகள் எனக்கு உள்பக்கமாகச் சைக்கிள் ஓட்டி வந்தாள். பின்னாலிருந்து ஒரு பஸ் அடித்த ஹாரனில் அவள் கை நடுங்கி, ஹேண்டில் திரும்பி, முன் சக்கரம் ஜல்லியில் இறங்கிவிட்டது. விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள், பக்கத்தில் இருந்த கம்பி வேலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலிக்கு உள்ளே, இரண்டடி தூரத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த பாதை காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு படம். "அம்மா, அது சைக்கிள் படந்தானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன். அது சைக்கிள் படம்தானே?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை கேட்டைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளின் சைக்கிளை உள்ளே விடுங்கள்.

ஏன் ஐந்து மணி என்றால், ஆறரைக்கு நான் அடுப்படியில் இருந்தாக வேண்டும். என்னைப் போல ஓடுகிற பெண்களில் பாதிப் பேருக்கு இதே கணக்குதான். ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தால் அது எங்களுக்குத் திறந்ததாகவே ஆகாது. அதனால் இருட்டோடு ரோட்டில் ஓடுகிறோம், தெருநாய்க்கும் பைக்கில் உரசிக்கொண்டு போகிறவர்களுக்கும் நடுவில். ரேஸ்கோர்ஸுக்குப் போகலாமே என்பீர்கள். போயிருக்கிறேன், நல்ல இடம், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், மர நிழல் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருப்பதால் பயமும் இல்லை. ஆனால் ஊரின் இந்த மூலையிலிருந்து அங்கே போய் ஓடிவிட்டு வர வண்டி வேண்டும், மகளின் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகக் காரே வேண்டும். ஓடுவதற்காகக் காரில் போகிற வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

நம் ஊருக்கு வேறு ஊர்களுக்கு இல்லாத ஒரு கொடுப்பினை உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஊருக்குள் வரும் வழியில் அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வரிசையாகக் குளங்களை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள். சித்திரைச்சாவடி வாய்க்காலில் வரும் தண்ணீர்தான் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம் என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகிறது. தண்ணீர் போகிற வழியெல்லாம் கரை இருக்கிறது. கரை இருந்தால் மனிதன் நடக்கலாம், ஓடலாம், பிள்ளை சைக்கிள் விடலாம். பேரூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் ஒரு நாள் ஓடிப் பாருங்கள், சிமென்ட்டில் எட்டு கிலோமீட்டர் ஓடி வலித்த முழங்கால் அங்கே பன்னிரண்டு ஓடினாலும் வலிக்காது. சொட்டுநீர் பைப்பிலிருந்து கசிந்த ஈரமும் காய்ந்த மட்டையின் வாசமும், எதிரே மலையில் மெதுவாக இறங்கும் வெயிலும், இதெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற பொருளா?

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலின் முதல் இருபது ஊர்களில் கோயமுத்தூர் பெயர் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் வேலை நடந்ததையும், குப்பை கொட்டிக் கிடந்த இடம் மக்கள் உட்காரும் இடமாக மாறியதையும் கண்ணால் பார்த்தேன். அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் கட்டி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்று யாராவது காலையில் வந்து பார்க்கிறீர்களா? எங்கள் குளத்தில் மூன்று விளக்குக் கம்பத்துக்கு ஒன்றுதான் எரிகிறது. மழை பெய்தால் பேவர் கல்லில் பாசி பிடித்து வழுக்குகிறது. பெண்கள் கழிப்பறையில் பூட்டுத் தொங்குகிறது, சாவி யாரிடம் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. சாயங்காலம் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் டெம்போ அதே பச்சைப் பாதையில் ஏறி நிற்கிறது, அதை யாரும் தடுப்பதில்லை. டெம்போ ஏறலாம், பதினாறு இஞ்ச் சக்கரம் உள்ள ஒரு குழந்தை சைக்கிள் ஏறக்கூடாது என்பதை எந்த மனசால் ஏற்றுக்கொள்வது?

கோபமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்ட முடிகிறது. உக்கடத்திலும் மேம்பாலம் 2024-இல் திறந்தாயிற்று. வண்டியில் போகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அதே உக்கடத்தில் வாலாங்குளத்திலிருந்து பெரியகுளத்துக்கு ஒரு குழந்தையோடு நடந்து போய்ப் பாருங்கள், இரண்டு குளமும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்தும் நடுவில் இருக்கிற ரோட்டைக் கடக்க உயிரைக் கையில் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே நடப்பவர்களுக்கு என்று ஒரு சிக்னலும் அகலமான கடக்கும் கோடும் போட்டுக் கொடுத்தால், இரண்டு கரையும் சேர்ந்து நிற்காமல் ஓடக்கூடிய ஒரு நீளமான பாதையாகிவிடும். புதிதாகக் கட்டவே வேண்டாம், இருப்பதைச் சேர்த்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எல்லாக் கரையிலும் டைல்ஸ் ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள். சிங்காநல்லூர் குளம் மாதிரிப் பறவைகள் தங்கும் இடத்தை மண்பாதையாகவே விடுங்கள், இரவில் அங்கே விளக்கும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். ஓடுகிறவர்களுக்கு மண்தான் நல்லது, பறவைக்கு இருட்டுதான் நல்லது.

நடக்க வரும் வயதானவர்கள் மேல் சைக்கிள் மோதிவிடும் என்றுதான் தடை போட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பயம் நியாயமானது. என் மாமியாரும் அங்கேதான் நடக்கிறார். அதற்கு வழி இருக்கிறது. பெரியவர்களின் வேகமான சைக்கிள் வேண்டாம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும், கூட ஒரு பெரியவர் வர வேண்டும், பச்சைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று போர்டு வையுங்கள். மீறினால் அனுப்பிவிடுங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். காலையில் ஒழுங்குபடுத்த ஆள் போதாது என்றால் எங்கள் தெருவில் ஓடுகிற ஏழு பேர் முறை வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறோம், சம்பளம் வேண்டாம்.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலை ஐந்து முதல் எட்டு வரை கேட்டைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளின் சைக்கிளை உள்ளே விடுங்கள். காவலாளிக்கு எழுத்தில் ஒரு உத்தரவு கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் அவரால் எங்களை உள்ளே விட முடியாது.

அன்றைக்கு வந்ததிலிருந்து மகள் சைக்கிளைத் தொடவில்லை, மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. நேற்று நானே துடைத்துக் காற்றடித்து வைத்தேன். உங்கள் உத்தரவு வந்த மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு அதே கேட்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
குளக்கரையில் ஓடும் ஒரு அம்மா