அந்த 'ஆச்சு' உங்களுடையதுதான், சார்

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில், கட்டுமான வேலைக்காகத் தகரம் அடைத்திருந்த பக்கத்து பெஞ்சில், உங்களோடு உட்கார்ந்து டீ குடித்தவள் நான். மடியில் நிப்பட்டு டப்பா வைத்திருந்தேன். நீங்கள் இரண்டு எடுத்துக்கொண்டு, "இதை எங்க ஊர்ல தட்டைன்னு சொல்லுவோம்" என்றீர்கள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

அன்று உங்களிடம் போன் நம்பர் கேட்கவே தோன்றவில்லை. கேட்டிருந்தால் இதை இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்காது. உங்களுக்குச் சேர வேண்டிய ஒரு பதில் என்னிடம் தங்கிவிட்டது. பதில் என்னுடையது இல்லை, அப்பாவுடையது. யார் மூலமாவது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் பெயரையும் நீங்கள் நடித்த அந்த இரண்டு படங்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நீங்கள் அன்று சொன்னது என்னை நம்பிச் சொன்னது. படித்தால் உங்களுக்குத் தெரியும், அது போதும்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. "தம்பி, சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்பாமலே நீங்கள் என்று தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படித்தான், முகத்துக்கு முன்னால் குரல் வந்துவிடும். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். படத்தில் பார்ப்பதைவிட மெலிந்திருந்தீர்கள். காகித கப்பை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தீர்கள், படத்தில் நீங்கள் நடித்த அந்த மில் வாட்ச்மேன் பிடித்ததைப் போலவே. கன்னடப் படம் ஒன்றில் இரண்டு நாள் வேலை முடித்துத் திரும்புவதாகச் சொன்னீர்கள். "கன்னடத்துல எனக்கு எப்பவும் வேற ஒருத்தர்தான் பேசுவார்மா. நான் வாயசைக்கிறதோட சரி" என்றும் சொன்னீர்கள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான்தான் அவசரப்பட்டேன். "எங்கப்பாவுக்கு உங்க குரல்னா உயிர் சார். அவருக்குக் கண்ணு தெரியாது. அந்த பஸ் ஸ்டாண்ட் சீனை மட்டும் நூறு தடவை கேட்டிருப்பார்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அப்பாவைப் பற்றி அன்று அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

அப்பா குடியாத்தத்துக்காரர். வேலை தேடி இதே பிருந்தாவனில்தான் பெங்களூர் வந்தார். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் டர்னர், லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் வேலை. லேத்தில் டூல் மழுங்கிவிட்டதா என்று குனிந்து பார்க்கவே மாட்டாராம், சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். சினிமாவையும் அவர் முதலில் காதால்தான் கற்றுக்கொண்டார். ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் கதை வசனம் ஓடும். 1965-இல் வந்த திருவிளையாடலை அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தருமியின் புலம்பல் முழுக்க மனப்பாடம். முதன்முதலில் திரையில் நாகேஷைப் பார்த்தபோது, "நான் நினைச்சதைவிட ஒல்லியா இருந்தாரு" என்பார்.

எம்.ஜி.ஆர். படம் ஒன்றை நடுவிலிருந்து போட்டால் போதும். 1967 ஜனவரியில் தொண்டையில் குண்டு பாய்வதற்கு முன் பேசியதா, பின் பேசியதா என்று இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவார். எண்பதுகளில் நடிகர் மோகன் படம் ஒன்றையும் விடவில்லை. பெங்களூரில் நாடகம் நடித்துக்கொண்டிருந்து, 1977-இல் பாலு மகேந்திராவின் கன்னடப் படத்தில் அறிமுகமானவர் என்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளை என்ற பாசம். அந்தப் படங்களில் கேட்ட குரல் எஸ்.என்.சுரேந்தருடையது என்று ஒரு நாள் தெரிய வந்தது. அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். அப்பா, "அப்போ ரெண்டு பேருக்கும் கை தட்டணும்" என்றார், அவ்வளவுதான். சரோஜாதேவி அம்மா 2025 ஜூலையில் மல்லேஸ்வரத்தில் காலமான அன்று, டி.வி.யில் ஓடிய பழைய காட்சிகளை யாரையும் பேசவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தமிழில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த கன்னட வாசனை, அல்சூரில் ஐம்பது வருஷம் குடியிருந்தவருக்கு இரண்டு மொழியும் சேர்ந்த வீட்டு வாசனை.

சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்ட காலமும் உண்டு சார். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் கலவரம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. ஜன்னலைச் சாத்திவிட்டு, டேப் ரெக்கார்டரைப் போர்வைக்குள் வைத்து, கதை வசன கேசட்டைக் காது ஒட்டக் கேட்டோம். அப்பா கையால் என் வாயை மெல்ல மூடியிருந்தார், நான் சிரித்துவிடக் கூடாது என்று. 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டுக் காட்டில் இருந்த 108 நாளும் எங்கள் தெருவில் யாரும் தமிழில் உரக்கப் பேசவில்லை. அவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அம்மா சோமேஸ்வரர் கோயிலில் விளக்குப் போட்டாள்.

பிறகு கண். ஒருநாள் லாவண்யா தியேட்டரில் இடைவேளையில் என்னிடம் கேட்டார், "ஏம் பாப்பா, ஸ்கிரீனைச் சின்னது பண்ணிட்டாங்களா?" ஸ்கிரீன் அப்படியேதான் இருந்தது. கண் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை வெகுநாள் தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. நாங்கள் போனது தாமதம். (இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது நாற்பது தாண்டியவர்கள் இருந்தால், தயவுசெய்து கண் அழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் வராது.)

இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். ராத்திரி சாப்பாடு ஆனதும் படம் போடுவோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ எழுந்து போறார், கதவுகிட்ட நிக்கிறார்" என்று சொல்வேன். பாதி நேரம், "சும்மா இரு, செருப்புச் சத்தம் கேக்குது" என்று தடுத்துவிடுவார். உங்கள் பஸ் ஸ்டாண்ட் காட்சியில் மட்டும் தடுக்க மாட்டார். மகளை வெளியூருக்கு பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் பேசுவீர்களே, அதில் உங்கள் முகத்தை ஒரு சுருக்கம் விடாமல் நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு உங்கள் முகம் என் கை ரேகை மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் பிடித்த நடிகர் நீங்கள்தான். அதை அன்று நேரே சொல்ல நாக்கு எழவில்லை.

நான் கொட்டி முடித்ததும் நீங்கள் கப்பைக் கீழே வைத்தீர்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது நான் இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை.

"அந்த சீன்ல பேசினது நான் இல்ல. மஞ்சக்காமாலையில படுத்திருந்தேன். ரிலீஸ் தேதி வச்சுட்டாங்க. வேற ஒருத்தரை வச்சு டப்பிங் முடிச்சுட்டாங்க. தியேட்டர்லதான் நானே முதல்ல கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மா அழுதாங்க. எனக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியல."

இருபது வருஷமாக அந்தக் காட்சிக்குத்தான் அதிகம் பாராட்டு வருகிறது என்றீர்கள். "பாராட்டறப்ப எல்லாம் தலையாட்டிடுவேன். விளக்கிச் சொன்னா அவங்க சந்தோஷம் போயிடுமேன்னு. ஆனா உங்கப்பா கண்ணு தெரியாம, குரலை மட்டும் வச்சுக்கிட்டு கேக்கறார்னு சொன்னீங்க. அவர்கிட்ட தலையாட்ட முடியலம்மா."

அப்புறம் நீங்களாகவே பழைய டப்பிங் தியேட்டர் கதைக்குப் போனீர்கள். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி லூப் போட்டு, அதே துண்டு திரும்பத் திரும்ப ஓட, ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரும் நின்று பேசியது. கடைசி வரியில் ஒருவர் தடுக்கினால் மொத்தப் பேரும் முதலிலிருந்து பேச வேண்டும் என்பது. அப்படித் தடுக்கியவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார் என்று சொல்லிச் சிரித்தீர்கள். இன்று ஆளுக்கொரு நேரத்தில், கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பேசுகிறார்கள். எதிரில் நின்று பேசுகிறவரின் மூச்சு காதில் விழாமல் பேசுவதுதான் கஷ்டம் என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

வண்டி வந்துவிட்டது. உங்களுக்கு ஏ.சி. சேர் கார், எனக்கு டி-9. "அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டதாச் சொல்லுங்க" என்றபடி ஏறினீர்கள். காட்பாடியில் நான் இறங்கும்போது உங்கள் பெட்டியைத் தேடினேன். ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. பார்வை போன மனிதரிடமிருந்து அவருக்குப் பிடித்த ஒரு காட்சியையும் பிடுங்குவதா என்று தவித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார். ராத்திரி ஊறப்போட்ட கொட்டையை விரலால் அழுத்தினால் தோல் தனியாகவும் பருப்பு தனியாகவும் வந்துவிடும். கண் வேண்டாத வேலை. சீசன் முழுக்க எங்கள் வீட்டில் அது அவர் பொறுப்பு. அம்மாவும் நானும் செய்வதைவிட வேகம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பிதுக்குகிற கை நிற்கவில்லை.

"தெரியுமே" என்றார்.

"எப்படிப்பா?"

"மூச்சு வேற. பஸ் ஸ்டாண்டுல பேசறவர் வாக்கியம் முடியறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கிடுவார். வாட்ச்மேனா வர்றாரே, உன் ஆளு, அவர் முடிச்சு, ஒரு நொடி விட்டுத்தான் வாங்குவார். ரெண்டும் ஒரு நெஞ்சு இல்ல. கேட்ட அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அந்த சீனையே போடச் சொல்றீங்க?"

"நீ அவர் முகத்தைச் சொல்லுவே இல்ல, அதுக்குத்தான். உதடு துடிக்குது, கண்ணை மூடிக்கிட்டார், கம்பியை விடவே மாட்டேங்கிறார்னு சொல்லுவியே. குரல் வேற ஆளுதுன்னா, அந்த முகம் யாருது? அவருதுதானே."

நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"குரல் வேணும்னா நான் வாட்ச்மேன் படத்தைத்தான் போடச் சொல்லுவேன். மில்லு மூடி ஆறு மாசம் சம்பளம் இல்ல. முதலாளி மகன் காரை நிறுத்தி, 'சாப்டாச்சா?'ன்னு கேப்பான். அதுக்கு அவர் 'ம்... ஆச்சு'ம்பார் பாரு. சாப்பிடாதவன் சொல்ற ஆச்சு அது. பினாமி குரல்ல வராது. என்கிட்ட மன்னிப்பு எதுக்குக் கேக்கறார்? நான்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கேன்னு எழுது."

எழுதிவிட்டேன் சார். எச்.ஏ.எல்.லில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பீஸைத் தூக்கிப் போட்டவர் சொன்னது. உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை. அவருக்கு அது வராது.

இன்னொன்றும் இருக்கிறது. பருப்பெல்லாம் பிதுக்கி முடித்து, கை கழுவிக்கொண்டு வந்த பிறகு கேட்டார், "அந்தக் குரல்காரர் பேரு கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. "அத்தனை நேரம் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கே, பேரு கேக்கத் தோணலையா?" என்று சாயங்காலம் மறுபடியும் ஆரம்பித்தார். படத்தைப் போட்டு, கடைசியில் ஓடுகிற பெயர்களை நிறுத்தி நிறுத்தி நான் வாசித்தேன். ஒப்பனை, சண்டை, உணவு, வண்டி ஓட்டுநர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அவர் பெயர் மட்டும் இல்லை. தமிழ்நாடு அரசு பின்னணிக் குரலுக்கென்று தனியாக விருது கொடுக்கிறது. ஆனால் படத்திலேயே பெயர் இல்லாதவரை யார் எங்கே போய்த் தேடுவார்கள்?

உங்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது வடபழனி, சாலிகிராமம் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். இந்தக் கடிதத்தின் கீழே பெயரை மட்டும் எழுதினால்கூடப் போதும். அவர் இருக்கிறாரா, எந்த ஊர், இன்னமும் பேசுகிறாரா என்பதெல்லாம் முடிந்தால். ராத்திரி அந்தக் காட்சி வரும்போது உங்கள் முகத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் பெயரையும் நான் சொல்ல வேண்டுமாம். அப்பா காத்திருக்கிறார்.

அடுத்த முறை பெங்களூர் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அல்சூர் ஏரிக்கரையில் வந்து, திருவள்ளுவர் சிலை எதிரில் நின்று எச்.ஏ.எல். டர்னர் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சர்க்கரை இல்லாமல் டீ போட எங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் அதேதான்.

அன்புடன்,
நிப்பட்டு டப்பாக்காரி