ஐம்பது வயதுக்கு முன்னும் பரிசோதனைக்கு வழி விடுங்கள்: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்: நோய்ப் பரிசோதனைத் திட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: யீஷூன் ரிங் ரோடு குடியிருப்பாளர், சிங்கப்பூர்

பொருள்: 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை கிடைக்கச் செய்யக் கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது மனு. பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று எழுதினேன். மூன்றுக்கும் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று கணினி அனுப்பும் பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. தங்களுக்கு வேலை நிறைய இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுபடியும் முதலிலிருந்து பொறுமையாகச் சொல்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வட்டாரம் தாங்கள் அறியாதது இல்லை. சோங் பாங், செம்பவாங் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏன் இவ்வளவு என்பதும் தெரிந்திருக்கும். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பங்குனி உத்திரத்துக்குக் காவடி போகும் தெருவில்தான் நானும் என் தம்பியும் வளர்ந்தோம். இந்த மனு என் தம்பிக்காக. அவனுக்கு இப்போது 38 வயது. பேருந்துப் பணிமனையில் இரவுநேர வேலை, எட்டு வயதில் ஒரு மகள்.

1. இங்கே பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபிட் மலப் பரிசோதனை (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது) 50 வயதிலிருந்து, ஆண்டுக்கு ஒரு முறை. விதி எனக்குத் தெரியும். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது என்பதும் தெரியும்: வயது ஏற ஏறத்தான் இந்த நோய் அதிகம். இதில் எனக்கு வாதம் இல்லை.

2. சென்ற ஆண்டு மார்ச் மாதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு ஃபிட் பெட்டி கொடுத்தார்கள். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. அவருக்காகத் தம்பிதான் இறங்கிப் போனான். இரண்டு நாள் மாதிரி எடுக்க வேண்டும், குச்சியை எப்படித் திருப்ப வேண்டும், எந்த உறையில் போட்டு அனுப்ப வேண்டும் என்று மேசையில் இருந்த பெண் அழகாக விளக்கியிருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறான். "உங்களுக்கு வயசு ஆகல சார், அம்பது ஆகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் இருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆனால் அப்போது அவனுக்கு ரத்தம் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அந்த மேசையில் அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? பின்னால் வரிசையில் கோயிலில் பார்க்கும் மாமாவும் மாமியும் நிற்கிறார்கள். அறிகுறி உள்ளவர்களுக்கு அந்தப் பெட்டி போதாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதை யார் அவனுக்குச் சொன்னார்கள்? 'அம்பது ஆகணும்' என்ற சொல்லை அவன் 'அம்பது வரைக்கும் உனக்கு வராது' என்று எடுத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் புளோக்கில் இன்றைக்கும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

மருத்துவரிடம் போகாமலும் இல்லை. பிப்ரவரியில் போனான்: மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். மே மாதம் மூச்சு வாங்குகிறது என்று போனான்: ரத்தச்சோகை, இரும்புச்சத்து மாத்திரை. 37 வயது ஆம்பிளைக்கு ஏன் இரும்புச்சத்து குறைகிறது, எங்கே ரத்தம் கசிகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது முறை போனபோது வேறொரு மருத்துவர். தம்பி தானாகவே "புற்றுநோயா இருக்குமா டாக்டர்?" என்று வாயைத் திறந்து கேட்டிருக்கிறான். "உங்க வயசுக்கு ரொம்ப அரிது, அதுவும் இந்தியர்களுக்கு இது குறைவுதான், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்திருக்கிறது. நிம்மதியோடு வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்து சொன்னான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நவம்பரில் ஒரு நாள் ராத்திரி வயிறு கல்லாய் வீங்கி, பச்சையாக வாந்தி எடுத்தான். 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். குடல் முழுக்க அடைத்திருந்தது. அன்று இரவே அறுவைச் சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்து அனுப்பினார்கள். நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. மூன்றாம் நிலை. முதல் ரத்தத்திலிருந்து அந்த ராத்திரி வரை பத்து மாதம்.

ஐயா, பத்து மாதம்.

அந்த வாரமே நாங்கள் அம்மாவின் அலமாரியைத் துழாவி, அவரது ஃபிட் முடிவுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். 'இயல்பாக உள்ளது' என்று போட்டிருந்தது. பெட்டி வாங்கி வந்த பிள்ளைக்கு வயிற்றில் கட்டி.

கீமோ பன்னிரண்டு சுற்று. அந்த மருந்து ஏறினால் குளிர்ச்சி ஆகாது. ஜில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பாய்வது போல இருக்குமாம். இந்த வெயிலில் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியாது, தொண்டை இறுகிவிடும். குளிர்பெட்டியைத் திறக்கக் கையுறை போட்டுக்கொள்வான். இப்போது அவன் மகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அப்பா சமையலறைப் பக்கம் போனாலே ஓடிவந்து கதவைத் திறந்து, "என்னப்பா வேணும்?" என்று கேட்டு எடுத்து மேசையில் வைப்பாள். பால் பாக்கெட்டை இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கிக் கொடுப்பாள். ஜூலையில் சிகிச்சை முடிந்தும் விரல் நுனி மரத்துப்போனது மாறவில்லை. பதினைந்து வருடம் இஞ்சினில் திருகாணி முடுக்கிய கை, இப்போது சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் எடுக்கிறது.

அவனுக்கு வந்ததால் என்னையும் கொலோனோஸ்கோப்பி (குழாயில் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்யச் சொன்னார்கள். எனக்கு 43. உள்ளே ஒரு சின்னப் பாலிப், அதாவது குடல் சுவரில் சிறு சதை வளர்ச்சி, இருந்தது. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். அரை மணி நேர வேலை. அன்று சாயந்திரமே வீட்டில் தோசை சாப்பிட்டேன். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடம் ஆகும் என்கிறார்கள். அப்படியென்றால் என் தம்பிக்கும் இந்த அரை மணி நேரம் எப்போதோ இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

3. 'இந்தியர்களுக்குக் குறைவு' என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள், எண்களோடுதான் என் பிழைப்பு. அதனால் தேடிப் படித்தேன். 2024 டிசம்பரில் லான்செட் ஆன்காலஜி இதழில் 50 நாடுகளின், வட்டாரங்களின் கணக்கு வந்தது. 25 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் பெருங்குடல் புற்றுநோய் ஆண்டுக்கு 100,000 பேரில் ஆஸ்திரேலியாவில் 16.5 பேருக்கு, அமெரிக்காவில் 14.8 பேருக்கு, இந்தியாவில் 3.5 பேருக்கு வருகிறது. சரி, இந்தியாவில் குறைவுதான். ஒத்துக்கொள்கிறேன். அந்த 50 இடங்களில் 27-ல் இந்த வயதினரிடம் நோய் கூடிக்கொண்டே போகிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை யார் சொன்னார்கள்?

என் தம்பி இந்தியாவில் வாழவில்லை. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தான், யீஷூனில் படித்தான், இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இந்த ஊர் இரவு ஷிஃப்ட் பார்த்தான். நாகப்பட்டினத்தை வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குப் போய்க் குடியேறியவர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் அப்போது வயிற்றுப் புற்று அதிகம், குடல் புற்று குறைவு. ஹவாயில் ஓரிரு தலைமுறைக்குள் வயிற்றுப் புற்று இறங்கிக் குடல் புற்று ஏறிவிட்டது. ரத்தம் அதே ரத்தம், மாறியது ஊர். பிறகு எந்த நியாயத்தில் தாத்தாவின் ஊர்க் கணக்கைப் பேரனுக்குப் போடுகிறீர்கள்?

அந்த இந்தியாவும் ஒரே இந்தியா இல்லை. 2020-ல் அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் வெளியிட்ட அறிக்கையில், மிசோரமின் ஐசால் மாவட்ட ஆண்களில் 100,000 பேருக்கு 269.4 என்றும், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் மாவட்ட ஆண்களில் 39.5 என்றும் இருக்கிறது. எல்லா வயதும், எல்லாப் புற்றும் சேர்ந்த கணக்குதான். ஆனாலும் ஒரே நாட்டுக்குள் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். 'இந்தியர்' என்ற ஒரு சொல்லை வைத்து எதிரே உட்கார்ந்திருப்பவனின் குடலை எப்படிக் கணிக்க முடியும்? இங்கேயும் சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்நோய் குறைவு என்பது உண்மை. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? அந்தக் குறைவுக்குள் விழுந்தவன் மனுஷன் இல்லையா?

மன்னிக்கவும். கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் அந்த வரிகளை அடித்துவிட மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இளையருக்கு ஏன் கூடுகிறது என்று ஒரே காரணமாக யாரும் இன்னும் சொல்லவில்லை. உடற்பருமன், சர்க்கரைப் பானம், பதப்படுத்திய இறைச்சி என்று பலவற்றைச் சொல்கிறார்கள். 2025-ல் 11 நாடுகளிலிருந்து 981 கட்டிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு ஒன்று நேச்சர் இதழில் வந்தது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சின் தடயம், 70 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட 40-க்குள் நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம் இருந்ததாம். சிறுவயதிலேயே அது பட்டிருக்கலாம் என்கிறார்கள். காரணம் தெளியட்டும், அதற்கு நாளாகும். ரத்தம் போகிறவனைப் பார்க்க நாளாகக் கூடாது.

4. நான் கேட்பது இவ்வளவுதான். அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021-லேயே பரிசோதனை வயதை 45-ஆகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் 45 வயது ஆனவர்கள் கேட்டால் பெட்டி இலவசம். அந்த 'கேட்டால்' என்ற ஒரு சொல்லையாவது இங்கே கொடுங்கள். எல்லாருக்கும் கடிதம் போட வேண்டாம், கேட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். என் தம்பி கேட்டான். 45 என்று வைத்தாலும் 37-க்கு அது எட்டாது என்று தாங்கள் சொல்லலாம். உண்மைதான். அதனால்தான் இன்னொன்றும் கேட்கிறேன்: அந்த மேசையில் வைக்கிற தாளில், தமிழில், பெரிய எழுத்தில், 'வயது எதுவாக இருந்தாலும் மலத்தில் ரத்தம் போனாலோ, வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, காரணம் தெரியாமல் வயிற்றுப்போக்கோ ரத்தச்சோகையோ இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று எழுதுங்கள். இளையரிடம் இந்த நான்கும்தான் முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள் என்று 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. என் தம்பிக்கு இதில் இரண்டு இருந்தன. தமிழில் எழுதும்போது மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுக்காமல் ஒரு தமிழரிடம் காட்டிவிட்டு அச்சிடுங்கள், எங்கள் அம்மாவுக்குப் புரிய வேண்டும். மருத்துவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போகட்டும்: ரத்தமும் ரத்தச்சோகையும் சேர்ந்து இருக்கிற எவரையும், அவர் எந்த இனமாக இருந்தாலும், இரண்டாவது முறையும் களிம்போடு அனுப்பக் கூடாது. அப்புறம், 1968 முதல் இந்த நாட்டில் புற்றுநோய்ப் பதிவகம் இருக்கிறது. இவ்வளவு ஆண்டு விவரத்திலிருந்து 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, இனவாரியாக, எளிய தமிழில் ஒரே ஒரு பக்கம் போட்டு சமூக மன்றத்தில் ஒட்டினால் என்ன? தாத்தா ஊரின் கணக்கு வேண்டாம், எங்கள் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்.

5. தம்பி மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இளவயதில் வந்தால், அந்த வயதிலிருந்து பத்தைக் கழித்து அவருடைய பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். 37-ல் பத்துப் போனால் 27. எட்டு வயதுக் குழந்தையின் பெயருக்கு நேராக 27 என்று குறித்து வைத்திருக்கிறேன். அவளுக்கு விதி தெரியும்படி நாங்கள் பார்த்துக்கொள்வோம். அவள் வகுப்பில் படிக்கிற மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு யார் சொல்வது?

6. தயவுசெய்து பதில் போடுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று ஒரு மனிதர் எழுதிய பதிலாக அனுப்புங்கள்.

தம்பிக்கு அடுத்த ஸ்கேன் அக்டோபர் இரண்டாம் வாரம். பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி சேர்க்கலாமா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். அவனோடு நானும் போவேன். அதற்கு முன் தாங்கள் நேரில் வரச் சொன்னால் எந்த நாளானாலும் விடுப்புப் போட்டு வருகிறேன். மூன்று மருத்துவச் சீட்டுகளும் தேதி வாரியாக என்னிடம் இருக்கின்றன. கேட்டு வருகிறவர்களுக்குப் பெட்டி கொடுங்கள், ரத்தம் போகிறவர்களை வயது சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா
யீஷூன் ரிங் ரோடு

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், மருத்துவச் சீட்டுகள் மூன்று, எங்கள் புளோக்கைச் சேர்ந்த 64 பேரின் கையொப்பம்