செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பௌர்ணமி, தீப நாள்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் திருவண்ணாமலையில் நம் சங்கத்தின் கிரிவல ஓட்டம் நடந்தது. பொங்கல் ஓட்டமும் நடந்தது. செயற்குழு 4 முறை கூடியது. அதில் 2 முறை கோரத்துக்கு (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு) ஆள் சேரவில்லை.

ஓடுபவர்களை மேலிருந்து பார்த்துக்கொள்ள நாம் பறக்கவிடும் ட்ரோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “ஓடுகிறவனுக்கு எதுக்குப் பறக்கிற பொம்மை?” என்று வாட்சப்பில் கேட்டவர்கள் ஒரு ஞாயிறாவது வந்து பார்த்திருக்கலாம். 14 கிலோமீட்டர் பாதையில் முதலில் முடிப்பவருக்கும் கடைசியில் வருபவருக்கும் அரை மணிக்கு மேல் இடைவெளி. நடுவில் யார் உட்கார்ந்துவிட்டார், நாய்கள் எங்கே கூடி நிற்கின்றன என்று யார் பார்ப்பது?

நம்முடையது 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் நானோ வகை. 2021 ட்ரோன் விதிகளின்படி இயக்குபவருக்கு உரிமம் தேவையில்லை. விடிந்த பிறகு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கோயில் பக்கம் போகாமல், பாதையில் வரிசையாக வரும் எட்டு லிங்கங்களில் இரண்டாவதான அக்னி லிங்கம் தாண்டித்தான் பறக்க விடுகிறோம். பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே இயக்குவது அடியேன்தான்.

மார்கழியில் எம லிங்கம் அருகே மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. போன் வீட்டில். மேலிருந்து ஆரஞ்சு பனியன் தெரிந்ததால்தான் ஐந்தே நிமிடத்தில் ஆள் போய்ச் சேர்ந்தது. (எந்த லிங்கம் என்று மட்டும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்.)

ஒரு முறை புளியமரத்தில் மாட்டியது உண்மை. பக்கத்து வீட்டில் தொரட்டி வாங்கி இறக்கினோம். இறக்கை இரண்டு போனது, அந்தச் செலவு என் கைக்காசு. மரம் அடர்ந்த இடத்தில் கீழே ஓடுபவர் தெரிவதில்லை என்பதும் உண்மைதான்.

பெரிய குறை பேட்டரி. பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. காற்றடித்தால் 22 நிமிடம் நின்றாலே பெரிது. இருப்பது இரண்டு. நிருதி லிங்கம் தாண்டியதும் ட்ரோன் பைக்குள் போய்விடுகிறது. அதற்கப்புறம் வருணன், வாயு, குபேரன் விட்ட வழி.

சந்தா பாக்கி 23 பேர். இவர்களில் பலர் சங்க டி-ஷர்ட்டைக் கேட்டு வாங்கியவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். டி-ஷர்ட்டை நடைப்பயிற்சியில் பார்க்கிறோம்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது, விவரம் பொருளாளரிடம். மோர் கொடுத்த கடைக்காரருக்கும் முதலுதவிக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ட்ரோன் குபேர லிங்கம் வரை வர இன்னும் 2 பேட்டரி வேண்டும். பாக்கி வந்தாலே போதும், தனியாக வசூல் தேவையில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு காபி டிரம் பக்கத்தில்தான் இருப்பார். காபி எல்லோருக்கும் உண்டு.

செயலாளர்