அப்பா ஊற்றிய கல் வந்து சேர்ந்தது

போன வாரம் பஸ் பார்சலில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் வைக்கோல், அதற்குள் பழைய பேப்பர், அதற்குள் ஒரு தரைக்கல். பச்சை கொஞ்சம் சிவப்புக்குள் கசிந்திருக்கிறது. கடையில் இதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் அது டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் காரைக்குடியிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் இருக்கிறீர்கள். பாதிப் பேரிடம் நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 73 வயது. 40 வருடம் கொத்து வேலை, அதில் பாதிக்கு மேல் மேஸ்திரி. எங்கே கூப்பிட்டாலும் "எனக்கு எதுக்கும்மா" என்பவர், செட்டிநாடு என்றதும் மட்டும் "அந்த முட்டைப் பூச்சை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்" என்றார். சரி என்று வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறிவிட்டோம்.

முதல் நன்றி, அன்று ராத்திரி எங்களுக்கு அறையை மாற்றிக் கொடுத்த திருப்பூர்க் குடும்பத்துக்கு. தரைத்தள அறை வேண்டும் என்று போனில் சொல்லித்தான் பதிவு செய்திருந்தேன். போய் நின்றால் இரண்டாம் மாடிச் சாவியை நீட்டினார்கள், லிப்ட் கிடையாது. அப்பாவின் முழங்காலைப் பற்றி நான் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பனியனோடு வெளியே வந்த ஒரு அண்ணன், "நாங்க மேல போயிக்கிறோம், பெரியவரு கீழ இருக்கட்டும்" என்றார். தூங்கிய குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் படியேறியதை நான் மறக்கவில்லை அண்ணா. விடுதிக்காரர்களுக்கு இங்கே எழுத ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் மெஸ் ஆச்சி. வெள்ளைப் பணியாரம், கூட வரமிளகாய்ச் சட்னி. அப்பா நாலு சாப்பிட்டுவிட்டு, "என்ன கலவை போடுறீங்க?" என்று கேட்டார், சிமென்ட்டுக்குக் கேட்கிற மாதிரியே. ஆச்சி சிரிக்காமல் பதில் சொன்னார்: ஆழாக்கை நிறையப் பச்சரிசி, அதே ஆழாக்கின் மேலே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அரைத்த மாவில் கொஞ்சம் பால். ஒவ்வொன்றாகத்தான் எண்ணெயில் ஊற்ற வேண்டுமாம், இரண்டு சேர்த்து ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஆச்சி, வீட்டில் நான் மூன்று தடவை முயன்றுவிட்டேன், உங்கள் வெள்ளை வரவில்லை.

அப்புறம் ஆட்டோ அண்ணன். ஒரு நாளுக்கு என்று பேசிய வாடகைக்கு ஒன்றரை நாள் கூடவே இருந்தீர்கள். ஒவ்வொரு ஊர் ஊருணியிலும் நிறுத்தி, வீட்டு முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீரைக்கூட வீணாக்காத ஊர் இது என்று காட்டினீர்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருந்ததைப் பார்த்து அப்பா காலால் அளக்க ஆரம்பித்தபோது, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததும் நீங்கள்தான்.

முட்டைப் பூச்சுக்கு வருகிறேன். ஒரு பெரிய வீட்டில், கட்டணம் கட்டி உள்ளே போகலாம், சுவரைத் தொடக்கூடாது. முகப்பிலிருந்த பர்மா தேக்குத் தூண்களையெல்லாம் விட்டுவிட்டு அப்பா சுவர் ஓரமாகவே நகர்ந்துகொண்டிருந்தார். காவல்கார ஐயா சந்தேகமாகப் பின்னாலேயே வந்தார். அப்பா கையைக் காட்டினார். சுண்ணாம்பு தின்ற கை, பார்த்தாலே தெரியும். "தொட்டுக்கங்க" என்று ஐயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா புறங்கையை வைத்து அப்படியே நின்றார். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து, பூச்சுமேல் பூச்சு ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. இதெல்லாம் அப்பாவுக்கு அவருடைய மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொன்னது. கையால் செய்யச் சந்தர்ப்பம் வந்ததே இல்லை. "இத்தனை வருசம் அவரு கதை விடுறாருன்னு நினைச்சேன்" என்றார். ஐயா, அந்த இரண்டு நிமிஷத்துக்கு நன்றி. உங்கள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் ஊர் பெயரை எழுதவில்லை.

சாயங்காலம் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு: எனாமல் தூக்குகள், மரப்பெட்டிகள், ரவிவர்மா படங்கள், பெல்ஜியம் கண்ணாடி, முறுக்கு உரல், பல்லாங்குழி. எனக்கு எல்லாமே வேண்டும்போல இருந்தது. அப்பா ஒரு கடையில் போய், "கொத்தனார் சாமான் எதுவும் இருக்கா?" என்றார். அப்படி யாரும் கேட்டதில்லை என்று சொன்ன கடைக்காரர், உள்ளே போய் அரைமணி நேரம் உருட்டி, ஒரு பித்தளைத் தூக்குக்குண்டைக் கொண்டுவந்தார். விலை 600 என்றவர் 450க்கு இறங்கினார். வாங்கிய கையோடு அப்பா நூலைக் கட்டிக் கடை நிலையில் பிடித்துப் பார்த்து, "அரை இஞ்ச் சாஞ்சிருக்கு" என்றார். எனக்கு மானம் போயிற்று. நல்லவேளை, அது வாடகைக் கட்டடமாம். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள், அதற்கும் நன்றி.

எனக்காக ஒரு கண்டாங்கிச் சேலையும் எடுத்தேன், அரக்குச் சிவப்பில் அகலக் கரை. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்று கடைப் பெண் பெருமையாகச் சொன்னாள். அப்பாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு ஆத்தங்குடிக்குப் போனோம். பட்டறையில் இரண்டு பேர் கல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகடு, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெதுவாக எடுக்க வேண்டும். மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்குமேல் சாந்து போட்டு மட்டம் பண்ண வேண்டும். சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியும் வெயிலும்தான். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பார்த்துக்கொண்டே நின்ற அப்பாவிடம், "மேஸ்திரி, நீங்க ஒண்ணு ஊத்துங்களேன்" என்றீர்கள். அவர் மேஸ்திரி என்று நாங்கள் சொல்லவே இல்லை, கரணையைப் பார்த்த பார்வையில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அச்சை எடுக்கும்போது அப்பாவின் கை லேசாக நடுங்கியது. பச்சை கசிந்தது அப்போதுதான். "பரவாயில்ல, எனக்கும் முதல் வருசம் பூரா இப்படித்தான்" என்று உங்களில் மூத்தவர் சொன்னார். சாந்து போட்டு மட்டம் பண்ணியதை மட்டும் அப்பா யாரையும் தொடவிடவில்லை.

ஊறிக் காய நாளாகும், நாங்களோ மறுநாள் விடிகாலையில் கிளம்ப வேண்டும். விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டீர்கள். அனுப்பமாட்டீர்கள் என்றே நினைத்தேன், மன்னிக்க வேண்டும். பணம் எவ்வளவு என்று போனில் கேட்டால் "மேஸ்திரிகிட்ட என்னங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

பார்சல் கூலி 120 ரூபாய் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. தை பிறந்ததும் நேரில் வந்து தருகிறோம். வாங்க மறுத்தால், உங்கள் பட்டறையின் மேற்குச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறதே, அதைப் பூசிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அப்பா சொல்லச் சொன்னார். தூக்குக்குண்டைப் பையில் எடுத்து வைத்தாயிற்று.