சனிக்கிழமை பாட்டு கிளாஸ் பத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா ஆபீஸ் ரூமுக்கு வந்தாங்க. "சார், எம்பொண்ணு வீட்டுல ஒரே சுரத்தை ஓ...ன்னு இழுத்துட்டே இருக்கா, பாட்டு வரலைன்னு அவளை ஓரமா நிக்க வெச்சுட்டீங்களா"ன்னு கேக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. இதே நினைப்பு இன்னும் சிலருக்கும் இருக்கலாம், அதான் எல்லாருக்கும் எழுதறேன்.

சனிக்கிழமை கிளாஸ்ல இப்ப ஜார்ஜியா நாட்டுப் பாட்டு சொல்லிக்குடுக்கறோம், அதுல அந்தப் பொண்ணு பாடறதுக்குப் பேரு பானி. காகஸஸ் மலைப்பக்கம் இருக்கற ஜார்ஜியா நாட்டுல நாட்டுப்புறப் பாட்டுன்னா பெரும்பாலும் மூணு குரல், மூணும் வேற வேற வழியில போகும், ஆனா சேர்ந்தே போகும். அடியில நிக்கற குரல்தான் பானி. அங்க காகேத்தி பக்கம் மேல ரெண்டு பேர் பாடுவாங்க, மத்த அத்தனை பேரும் பானியைப் பிடிச்சுக்குவாங்க. நம்ம நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா ஒத்து இடம் மாறாது, பானி சில இடத்துல ஒரு படி ஏறி இறங்கும், அப்ப மேல போற மெட்டே வேற மாதிரி கேக்கும். அதைப் பிடிக்கற பிள்ளை அசைஞ்சா மொத்தப் பாட்டும் விழுந்துடும். ஓரமா நிக்க வெக்கற வேலையா இது? 1977ல வாயேஜர் விண்கலத்துல அனுப்புன இசைத்தட்டுல இந்த ஜார்ஜியப் பாட்டு ஒண்ணும் போயிருக்கு.

நம்ம ஊர் நடவுப் பாட்டுல ஒருத்தர் எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க, மெட்டு ஒண்ணேதான். அதனால பக்கத்துல என்ன கேக்குதோ அதோட போய் ஒட்டிக்கறதுதான் நம்ம பிள்ளைங்களுக்குப் பழக்கம். ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ஒட்டிக்கக் கூடாதுன்னு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுத்தான் பாடுவான், நாங்களும் திட்டலை, விட்டுட்டோம். போன சனிக்கிழமை மூணாவது வரியில அவனா கையை எடுத்தான். ரெண்டு பொண்ணுங்க மேல போறாங்க, இவன் கீழயே நிக்கறான், அவங்களைப் பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் நின்னுட்டான். முடிஞ்சதும் ஒருத்தரும் பேசலை. அப்புறம் அவனே "இன்னொரு வாட்டி சார்"னான். எனக்கு அன்னிக்கு முழுக்க வேற வேலையே ஓடலை.

இதெல்லாம் நோட்ஸ் பாத்துப் படிச்சவங்க உண்டாக்குனது இல்லைங்க. ஜார்ஜியாவுல குரியாங்கற பகுதியில அந்தக் காலத்துல மக்காச்சோளக் காட்டுல களை வெட்டறவங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு, மாத்தி மாத்தி பல குரல்ல பாடுவாங்க, நாதுரின்னு பேரு. அவ்வளவு தூரம் கூட வேணாம், நாகாலாந்துல ஃபெக் மாவட்டத்துல மலைச்சரிவு நெல் வயல்ல வேலை செய்யறவங்களும் இப்படித்தான் பல குரல்ல பாடறாங்க. அடுத்த டெர்ம்ல அது ஒண்ணு சொல்லிக்குடுக்க ஆசை.

உங்ககிட்ட கேக்கறது இதுதான். வீட்டுல "மெட்டை ஒழுங்கா பாடு"ன்னு திருத்தாதீங்க. மூணு குரலையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடறோம், உங்க பிள்ளை பாடாத குரலை சின்ன சவுண்ட்ல ஓட விட்டு, அவங்க குரலை அவங்களைப் பாட விடுங்க, பத்து நிமிஷம் போதும். யாருக்கு எந்தக் குரல்ங்கறது மாசாமாசம் மாறும், அதனால "மெயின் பாட்டு ஏன் உனக்குக் குடுக்கலை"ன்னு கேட்டுடாதீங்க.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு, பழைய லைப்ரரி ரூம். நீங்களும் வாங்க, பானி வரிசையில எடம் இருக்கு.

அன்புடன்,
தலைமையாசிரியர்