பிரண்டையும் பிரெட்னிசலோனும்

ஒட்டுசுட்டான்

அன்புள்ள மகளுக்கு,

பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீரொய்ட் குளிசை எலும்பைக் கெடுக்கும் என்பதால் அதைப் பாதியாக்கிவிட்டுப் பிரண்டைக் கப்சூல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். முறிவு நெரிவு வைத்தியர்கள் பிரண்டையை அரைத்துக் கட்டுவதைக் கண்டு வளர்ந்தவள் நீ. ஆகவே கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஸ்டீரொய்ட், எலும்பைக் கட்டும் கலங்களையும் எலும்புக்குள் புதைந்திருந்து அதைப் பேணும் கலங்களையும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளச் செய்கிறது. அரிக்கும் கலங்களின் ஆயுளையோ நீட்டிவிடுகிறது. நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுப்பவர்களுக்கும் முதற்சில மாதங்களிலேயே முறிவு அபாயம் கூடுவது இதனாலேயே. ஆய்வுகூடத்தில் எலும்புக் கலங்களுக்கு டெக்சாமெதசோன் என்னும் இன்னொரு ஸ்டீரொய்டுடன் மஞ்சளிலுள்ள குர்குமினையோ, முருங்கையிலையிலும் வெங்காயத்திலும் உள்ள குவெர்செற்றினையோ சேர்த்துக் கொடுத்தபோது, கலங்களைச் சிதைக்கும் ஒட்சியேற்ற நெருக்கீடு தணிந்து, இறக்கும் கலங்கள் குறைந்தன. இது மெய்தான். ஆனால் கிண்ணத்திலுள்ள கலத்தின்மேல் நேரே இடும் செறிவு வேறு, குடலையும் ஈரலையும் கடந்து எலும்பை எட்டும் அளவு வேறு. உண்ட குர்குமினில் மிகச் சிறு பங்கே குருதியில் சேர்கிறது.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று பலர் சொல்வது எனக்கு எரிச்சலூட்டும். அதிமதுரம், பிரெட்னிசலோன் உடலிலிருந்து நீங்குவதைத் தாமதப்படுத்திப் பொற்றாசியத்தையும் குறைக்கக்கூடியது. ஆகவே பிரண்டையையும் துவையலாக உண்; கப்சூலாக வேண்டாம்.

குளிசையை நீயாகக் குறைக்காதே. நெடுநாள் ஸ்டீரொய்ட் எடுத்தவரின் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பி, உடலுக்கு வேண்டிய ஸ்டீரொய்டைத் தானே சுரக்கும் தன் வேலையை மறந்திருக்கும். மருந்து திடீரென நின்றால் குருதியமுக்கம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்க வேண்டுமானால் வைத்தியரே படிப்படியாகக் குறைக்கட்டும். அவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைக் கேள். உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கிறதா என்றும், நீ இருக்கும் வெயில் குறைந்த நாட்டில் உனக்கு விற்றமின் டி எவ்வளவு தேவை என்றும் கேள். எலும்பு அரிப்பைத் தடுக்கும் அலெண்ட்ரோனேற்று போன்ற மருந்தைத் தருவதாயின், பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. குரக்கன் மா அனுப்புகிறேன். அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

இன்னொன்று: தொடை இடுக்கிலோ இடுப்பிலோ நோவு தொடங்கினால் பொறுத்துக்கொண்டு இருக்காதே. தொடையெலும்பின் தலை குருதியோட்டமின்றி இறப்பதும் ஸ்டீரொய்டால் வரலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமற் போகலாம், எம்ஆர்ஐ எடுத்தாலே பிடிபடும்.

அன்புடன்,
அம்மா